அந்தத் தண்ணி டேங்கர் என்ன கலர்?

போன வாரம் உங்க கன்ட்ரோல் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டு, உக்கார வச்சு, காபியெல்லாம் குடுத்தீங்க. சந்தோஷம். ஆனா அந்த ஏசி குளிர்ல என் முட்டி ரெண்டும் பிடிச்சுக்கிச்சு. சுவரு பூரா ஒரு திரை, அதுல பச்சைப் புள்ளியா லாரிங்க ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு ஒரு புள்ளி சிவப்பாச்சு. புதுசா சேந்த தம்பி ஒருத்தர் மைக்கை எடுத்து, "ஏய், எதுக்கு இவ்ளோ ஸ்பீடு? அறிவிருக்கா உனக்கு?"ன்னு ஒரு கத்து கத்தினாரு. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கேள்வி என் கூடவே வீட்டுக்கு வந்துருச்சு. அது ஏன்னு அன்னிக்கு உங்ககிட்ட வாயால சொல்ல வரல, அதான் எழுதுறேன்.

முன்னாடியே சொல்லிடுறேன். பாய் ஏதோ பெரிய அனுபவசாலி, தெளிவா ஒரு பாடம் சொல்லப் போறாருன்னு நோட்டைத் தொறந்து வச்சிருந்தா மூடி வைங்க. இருபது வருஷமா இதை யோசிக்கிறேன், எனக்கே இன்னும் குழப்பம்தான்.

என் ஊரு அதிராம்பட்டினம். துபாய்ல, ஜெபல் அலி துறைமுகத்துல, லாரிங்களை அனுப்பி வைக்கிற டிஸ்பேட்சரா சேந்து, அதே வேலையில கிழவனாகி வெளிய வந்தேன். வேலையில எனக்குன்னு பேரு கிடையாது, எல்லாருக்கும் நான் பாய்தான். சேந்தப்ப எனக்கு மேனேஜரா இருந்தவரு ஒரு மலையாளி. மூணு போன்ல மூணு பாஷையில ஒரே நேரத்துல பேசுவாரு, எமகாதகன். முதல் வாரம் ஒரு கஸ்டமர் போன் பண்ணி, "என் கன்டெய்னர் எங்கே?"ன்னு கேட்டான். நான் வெள்ளந்தியா, "தெரியல சார், பாத்துச் சொல்றேன்"னேன். மேனேஜர் பாய்ஞ்சு வந்து போனைப் பிடுங்கி, "ஆன் தி வே சார், இருபது நிமிஷம்"னு சொல்லி வச்சாரு. அந்த வண்டி அப்ப போர்ட் கேட்டைக்கூடத் தாண்டல.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாய், தெரியலைன்னு சொல்ற டிஸ்பேட்சர் எனக்கு எதுக்கு? கேட்டவனுக்கு ஒரு பதிலைக் குடு, அவன் நிம்மதியா இருப்பான். அதுக்குள்ள நீ வண்டியைத் தேடிக் கண்டுபிடி"ன்னாரு.

சிரிக்காதீங்க. போன வாரம் அந்த ரூம்ல உக்காந்திருந்த ஒரு மணி நேரத்துல நாலு தடவை 'ஆன் தி வே' கேட்டேன். அதுல ஒரு வண்டி பஞ்சர் கடையில நிக்குதுன்னு திரையில எனக்கே தெரிஞ்சுது. நம்ம தொழில்ல அது பொய் கணக்குல வராது, அதுதான் பேச்சு. நானும் அப்படியே பழகிட்டேன். எதைக் கேட்டாலும் டக்குனு ஒரு பதில், குரல்ல ஒரு உறுதி. அதுல எனக்கு நல்ல பேரு வேற.

இரண்டாயிரத்து நாலுல ஈராக்குக்குள்ள சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அங்க இருந்த வெளிநாட்டுப் படைக்கு அரிசி, தண்ணி பாட்டில், மெத்தை, கக்கூஸ் பேப்பர் வரைக்கும் கொண்டு போற கான்ட்ராக்ட் எங்க கம்பெனிக்குக் கிடைச்சுது. குவைத்ல எல்லைக்குப் பக்கத்துல ஒரு யார்டு போட்டாங்க. யாரு போறீங்கன்னு கேட்டப்ப நான் கையைத் தூக்குனேன். சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொன்னாங்க, அந்த ஆசைதான். என் வீட்டுக்காரி போன்ல, "சண்டை நடக்கிற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டா. "நான் எல்லைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்திருப்பேன், எனக்கு என்ன ஆகும்?"னு சொன்னேன். சொன்னபடி எனக்கு ஒண்ணும் ஆகல.

எங்க டிரைவர்ங்க பாகிஸ்தானி, நேபாளி, மலையாளி, நம்ம ஆளுங்கன்னு கலந்து இருப்பாங்க. வாரத்துக்கு மூணு கான்வாய். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு படை வண்டி துப்பாக்கியோட காவல் வரும், நடுவுல நம்ம லாரிங்க வரிசையா போகும். அந்த யார்டுல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர். சாவி யாரு கையிலயோ அவனுக்குத்தான் வேலை. சாவி இல்லாதவன் கேம்ப்ல படுத்துக் கிடக்கணும், கொஞ்ச நாள்ல கம்பெனி ஊருக்கு டிக்கெட் போட்டுரும். அதனால டிரைவர்ங்க பாத்ரூமுக்குப் போனாலும் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போவாங்க.

செல்வராஜ் அரியலூர்க்காரன். ஊர்ல சிமெண்ட் லாரி ஓட்டுனவன், நாப்பது வயசு இருக்கும். சாவி கைக்கு வர்றதுக்கே மாசக்கணக்கா கேம்ப்ல காத்துக் கிடந்தான். நல்ல டிரைவர், ஆனா யா அல்லாஹ், அப்படி ஒரு மெதுவு. எழுபதுக்கு மேல முள்ளு போகாது. "வேகமா போனா என்ன பாய், அங்க போயும் வெயில்லதானே நிக்கப் போறோம்?"னு கேப்பான். யார்டு மெக்கானிக் ஒருநாள் மிச்சம் இருந்த வெள்ளை பெயிண்டை எடுத்து இவன் வண்டியோட பின்கதவு பூரா ஒரு ஆமையை வரைஞ்சு விட்டுட்டான். முதல்ல செல்வராஜுக்கு வந்துச்சு பாருங்க கோவம், மெக்கானிக்கை யார்டு பூரா துரத்துனான். ரெண்டாவது வாரம் பாத்தா வெள்ளிக்கிழமை தவறாம துணியை நனைச்சு ஆமையைத் துடைச்சுக்கிட்டு இருக்கான். "என் வண்டி பாய், தூரத்துலேர்ந்தே தெரியும்"பான்.

ஒருநாள் மத்தியானம் கான்வாய் மேல தாக்குதல். நடுவுல ரெண்டு வண்டிக்கு டயர் வெடிச்சு நின்னுருச்சு. நிக்காம போகணும்ங்கிறது படையோட உத்தரவு, மத்த வண்டிங்க போயிருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பிப் போய்ப் பாத்தா லாரிங்க இருக்கு, டிரைவர்ங்க ரெண்டு பேரும் இல்ல. ஒருத்தன் குல்னு ஒரு பட்டாணியன், பாகிஸ்தான்ல பெஷாவர் பக்கம். இன்னொருத்தன் செல்வராஜ். ஆமை வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. சீட்டுல பாதி சாப்பிட்ட புளிசோறு இருந்துச்சு, செருப்பு ரெண்டும் கீழ கிடந்துச்சு. செருப்பு இல்லாம கூட்டிட்டுப் போயிருக்காங்க.

அவன் பொண்டாட்டி கலா. தினமும் யார்டு நம்பருக்குப் போன் வரும். "அண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" நான் என்ன சொல்வேன்? "பேசிக்கிட்டு இருக்காங்கம்மா, வந்துருவாரு, ரெண்டு நாள்ல வந்துருவாரு." யாரு பேசிக்கிட்டு இருந்தாங்க, யாருகிட்ட பேசினாங்க, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. 'ஆன் தி வே'ன்னு கஸ்டமருக்குச் சொல்றதையே அந்தப் பொண்ணுக்கும் சொன்னேன்.

அஞ்சாவது நாள் ஆமை வண்டிக்கு டயர் மாத்தி ரெடி பண்ணிட்டாங்க. வண்டி சும்மா நிக்கக் கூடாதுன்னு ஜெபல் அலிலேர்ந்து உத்தரவு. செல்வராஜோட செருப்பையும் டிபன் பாக்ஸையும் ஒரு பையில போட்டு என் மேஜைக்குக் கீழ வச்சேன். சாவியை ஒரு நேபாளித் தம்பிகிட்ட குடுத்தேன். அவன் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டு என் முகத்தைப் பாக்காம போனான்.

பத்தொம்பதாவது நாள் காலையில, பத்து மணி தாண்டியிருக்கும், போன் அடிச்சுது.

"பாய், நான் செல்வராஜ்."

நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். "டேய்! எங்கடா இருக்கே?"

"அந்த உடைஞ்ச பாலம் இருக்குல்ல பாய், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. குல்லும் கூட இருக்கான். காலையில குண்டுச் சத்தம் கேட்டுச்சு, எங்களைப் பூட்டி வச்சவங்க அப்படியே ஓடிட்டாங்க. கதவை ஒடைச்சுட்டு வந்தோம். ஒரு தண்ணி டேங்கர் நின்னுச்சு, சாவி அதுலயே இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டோம். இங்க ரோட்டுல கேன்ல பெட்ரோல் விக்கிறாரே ஒருத்தரு, அவரு போனு இது. சீக்கிரம் சீக்கிரம்னு கையைக் காட்டுறாரு."

சுவத்துல அன்னிக்கு கான்வாய் சார்ட் தொங்குது. கான்வாய் காலையிலயே கிளம்பிருச்சு. கணக்குப் பாத்தா இன்னும் அரை மணி நேரத்துல உடைஞ்ச பாலத்தைத் தாண்டும். இப்ப யோசிங்க. கான்வாய் எப்ப எங்க போகுதுன்னு போன்ல மூச்சு விடக் கூடாது, அது முதல் விதி. அவன் தலையில எவனாச்சும் துப்பாக்கியை வச்சுப் பேசச் சொல்றானா? எனக்கு எப்படித் தெரியும்? அப்பத்தான் அவன் கேட்டான்.

"பாய், என் வண்டியை வேற யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

துப்பாக்கி முனையில நிக்கிறவன் அதைக் கேப்பானா? அந்தக் கேள்வியிலதான் அவன் தப்பிச்சு வந்துட்டான்னு நான் நம்புனேன். நெஞ்சு நெறைஞ்சு போச்சு எனக்கு. "அடப் பாவி, உன் வண்டி உனக்குத்தான்டா, யாருக்கும் குடுக்கல, வா"ன்னேன். ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. உடனே, "நம்ம கான்வாய் அரை மணியில அங்க வருது, பின்னாடியே வா. மெதுவா வா. தூரத்துலயே நிறுத்திட்டு, இறங்கி, சட்டையைக் கழட்டிட்டு, கையைத் தூக்கிக்கிட்டு நில்லு, புரியுதா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. ஹலோ ஹலோன்னு கத்துனேன். லைன் எப்பவோ செத்துப் போயிருந்துச்சு.

எந்த இடத்துல செத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. 'யாருக்கும் குடுக்கல, வா'ங்கிற வரைக்கும் அவனுக்குக் கேட்டுச்சு, அவன் சிரிச்சதால தெரியும். கான்வாய் வருதுங்கிறது போயிருக்குமா? 'மெதுவா வா' போயிருக்குமா? தெரியாது.

யார்டு மூலையில ஒரு கன்டெய்னர் ஆபீஸ்ல படையோட ஆள் ஒருத்தன் உக்காந்திருப்பான், சார்ஜென்ட். கான்வாய் கூட ரேடியோவுல பேசுறது அவன்தான். இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும். எங்க மெஸ் சப்பாத்தின்னா உயிரை விடுவான். நான் ஓடுன ஓட்டத்துல என் செருப்பு ஒண்ணு வழியில விழுந்துருச்சு. "சார், எங்க ஆளுங்க ரெண்டு பேரு தப்பிச்சுட்டாங்க, கான்வாய் பின்னாடி வருவாங்க, சுட்டுராதீங்க"ன்னு மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவன் உடனே ரேடியோவை எடுக்கல. என்னை உக்காரச் சொன்னான். "தப்பிச்சுட்டாங்கன்னு எப்படித் தெரியும்? பிடிச்சு வச்ச டிரைவரை மிரட்டி, டேங்கருக்குள்ள வெடியை நிரப்பி, எங்க மேல ஓட்ட விடுறாங்க. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார். இவன் அப்படி இல்ல. எனக்கு அவன் குரல் தெரியும்."

"என்ன வண்டி?"

"தண்ணி டேங்கர்."

"என்ன கலர்?"

நான் கேக்கல. செல்வராஜ்கிட்ட நான் அதைக் கேக்கவே இல்ல. ஆனா சார்ஜென்ட் கண்ணு என் மேலயே இருக்கு, கை ரேடியோ மேல இருக்கு. தெரியலைன்னு சொன்னா இவன் எதையும் நம்ப மாட்டான்னு தோணுச்சு. அப்புறம் இன்னொண்ணு. நான் வேலை பாத்த இடத்துல எல்லாம் குடிதண்ணி டேங்கர்னா நீலம்தான். எங்க யார்டுல நின்ன மூணும் நீலம். தண்ணி டேங்கர்னு அவன் சொன்னதுமே என் மண்டைக்குள்ள ஒரு நீல டேங்கர் வந்து நின்னுருச்சு. அது வேற கலரா இருக்கலாம்னே எனக்குத் தோணல.

"நீலம் சார்"னேன்.

"ஆர் யூ ஷ்யூர்?"

"ஷ்யூர் சார்."

அவன் ரேடியோவை எடுத்தான். எண்ணு, எழுத்துன்னு அவங்க பாஷையில மடமடன்னு பேசினான். நடுவுல 'ப்ளூ'ங்கிறது மட்டும் எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் அவன் கையைப் பிடிச்சு தேங்க் யூ, தேங்க் யூன்னேன். வெளிய வந்து, நின்னுக்கிட்டு இருந்த டிரைவர்ங்ககிட்ட, "செல்வராஜ் வர்றான்டா!"ன்னு கத்துனேன். மெஸ்ல பாயசம் வைக்கச் சொன்னேன். கலா குடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன், அது பக்கத்து வீட்டுப் போன், அவங்க எடுத்தாங்க. "உங்க வீட்டுப் பக்கத்துல கலான்னு ஒரு பொண்ணு இருக்குல்ல, அதுகிட்ட சொல்லுங்க, அவ வீட்டுக்காரர் கிடைச்சுட்டாரு"ன்னு சொன்னேன். கிடைச்சுட்டாருன்னு சொன்னேன் நான்.

பன்னெண்டு மணி வாக்குல சார்ஜென்ட் கன்டெய்னர் கதவுல வந்து நின்னான். கூப்பிடல, சும்மா நின்னான். நான் பாயசக் கரண்டியோட போனேன். அவன் முகத்தைப் பாத்ததும் கரண்டியை எங்க வைக்கிறதுன்னு தெரியல எனக்கு.

பிடிச்சுட்டுப் போனவங்க பத்தொம்பது நாள் சோறு போட்டு, அடிச்சு, உதைச்சு, எப்படியோ உயிரோட வச்சிருந்தாங்க. அதுலேர்ந்து தப்பிச்சு வந்தவனை நம்ம பக்கத்துக்காரங்க சுட்டுட்டாங்க. நம்ம பக்கம்னு சொல்றேன், பாருங்க. எது நம்ம பக்கம்? அரியலூர்க்காரனுக்கும் அதிராம்பட்டினத்துக்காரனுக்கும் அந்தச் சண்டையில என்ன பக்கம்? அவங்களுக்கு அரிசி கொண்டு போனோம், அதனால அவங்க நம்ம பக்கம் ஆயிட்டாங்க. இதை யோசிச்சா தலை சுத்தும்.

குல்லுக்குத் தோள்ல ஒரு குண்டு, பிழைச்சுக்கிட்டான். செல்வராஜ் ஸ்டியரிங் மேலயே போயிட்டான். டேங்கர் சிவப்புக் கலர்.

அதுக்கப்புறம் ஆளுக்கொரு கதை வந்துச்சு. படை குடுத்த பேப்பர்ல, சிவப்பு டேங்கர் ஒண்ணு பின்னாடியிருந்து அதிவேகமா வந்துச்சு, கை காட்டியும் நிக்கலன்னு இருந்துச்சு. சார்ஜென்ட், "நான் சொல்லிட்டேன், நீல டேங்கர், ரெண்டு பேரு, நம்ம ஆளுங்கன்னு சொல்லிட்டேன்"னான். கான்வாய்ல போன அதிகாரி, "செய்தி முன் வண்டிக்குத்தான் வந்துச்சு, கடைசி வண்டிக்குப் போய்ச் சேரல"ன்னாரு. கடைசி வண்டியில துப்பாக்கி பிடிச்சவன் என்ன சொன்னான்னு எங்களுக்கு யாரும் சொல்லல. செய்தி போய்ச் சேரலைன்னா என் நீலத்தால ஒண்ணும் ஆகல. போய்ச் சேந்திருந்தா, நீலத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தவன் சிவப்பைப் பாத்து சுட்டிருக்கான், அது என் வாயால வந்த வினை. இதுல எதுன்னு எனக்கு எழுதிக் குடுக்க ஆள் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு சார்ஜென்ட் என் ரூமுக்கு வந்தான். "யூ செட் ப்ளூ"ன்னான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த ஆத்திரம். "ரெண்டு பேருன்னும்தானே சொன்னேன்! எங்க ஆளுங்கன்னும்தானே சொன்னேன்! கலர் மட்டும்தான் உங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னு தமிழ்லயே கத்துனேன். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ. தண்ணி பாட்டில் பெட்டி மேல உக்காந்து ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டான். என் மூத்த பையன் வயசு. அவனை அடிக்கணும்னும் தோணுச்சு, டீயும் போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டுப் போனான், அடுத்த வாரம் அவனை மாத்திட்டாங்க.

ஆனா என்னைப் போட்டுக் குடைஞ்சது கலரை விட இன்னொண்ணு. அதிவேகமா வந்துச்சுன்னு எழுதியிருந்தாங்களே, அது. செல்வராஜா? எழுபதைத் தாண்டாத செல்வராஜா? டிரைவர்ங்க யாருமே நம்பல. பொய் எழுதுறாங்க பாய்னு சண்டைக்கு வந்தாங்க. நானும் பொய்னுதான் நெனச்சேன், குல்லைப் பாக்குற வரைக்கும்.

குல் குவைத்ல ஆஸ்பத்திரியில இருந்தான். போய் அவன் கட்டில்ல உக்காந்து இந்தியில கேட்டேன்.

"வேகமாத்தான் வந்தான் பாய்"னான் குல். "போன் பேசிட்டு வந்தப்பவே அவன் முகம் வேற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் ரோட்டை விட்டு மறைவா நின்னுட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற படை கேம்ப்புக்குக் கிளம்பினோம். முதல்ல மெதுவாத்தான் ஓட்டுனான், எப்பவும் ஓட்டுற மாதிரி. எனக்குப் பயம், நான் தலையைக் குனிஞ்சு கீழ உக்காந்துட்டேன், ரோட்டைப் பாக்கல. கொஞ்ச தூரம் போனதும் திடீர்னு வண்டி பறக்க ஆரம்பிச்சுது. ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான். உங்க பாஷையில என்னமோ சத்தமா சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"எனக்கு உங்க பாஷை தெரியாதே பாய்."

"பின்னாடி யாராச்சும் துரத்துனாங்களா?"

"தெரியாது."

"பிரேக் பிடிக்கலையா?"

"தெரியாது பாய். கோவத்துல கத்துன மாதிரியும் இருந்துச்சு, சந்தோஷத்துல கத்துன மாதிரியும் இருந்துச்சு. கலாஸ், முடிஞ்சு போச்சு, விட்டுரு."

நாலு மாசம் கழிச்சு லீவுல ஊருக்குப் போனப்ப அரியலூருக்குப் போனேன். கலா ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் வேலை பாக்குது. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பெரிய பெரிய பாத்திரமா கழுவிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் கையைத் துடைச்சுக்கிட்டு, "வாங்கண்ணே"ன்னு ஒரு பலகையைப் போட்டுச்சு. கிடைச்சுட்டாருன்னு சொல்லி அனுப்பினவன் நான். அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

பையைக் குடுத்தேன். செருப்பை எடுத்துப் பாத்துட்டு மடியில வச்சுக்கிச்சு. ரயில்ல வரும்போதே மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததை ஒரே மூச்சுல ஒப்பிச்சேன். தண்ணி டேங்கர்னு சொன்னாரும்மா, நான் கலர் கேக்கல, படைக்காரன் கேட்டான், எனக்குத் தெரியாது, தெரியாம நீலம்னு சொல்லிட்டேன், வண்டி சிவப்பு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டேன். மனுஷன் அழுதா அசிங்கம்னு வளந்தவன் நான், சத்துணவுக் கூடத்துல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பொண்ணு, "நீலமா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அதுக்கு ஒண்ணுமே புரிஞ்ச மாதிரி தெரியல. செருப்புல ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கிட்டே, "கடைசியா உங்ககிட்ட பேசினாராமே. என்னண்ணே கேட்டாரு?"ன்னுச்சு.

"வண்டியைக் கேட்டாரும்மா. என் வண்டியை வேற யாருக்காச்சும் குடுத்துட்டீங்களான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் வண்டி உனக்குத்தான், வான்னு சொன்னேன். சிரிச்சாரும்மா."

கலா தலையை ஆட்டுச்சு. ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. "அதான்"னுச்சு. "வேகமா வந்தாரு வேகமா வந்தாருன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. இவரு அப்படி ஓட்ட மாட்டாரேன்னு நானும் எங்க மாமியாரும் மண்டையை ஒடைச்சுக்கிட்டோம். அதான் வேகமா வந்திருக்காரு. வண்டி இருக்குன்னு சந்தோஷத்துல வந்திருக்காரு." அதுக்கு முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர்ல டீ கொண்டு வந்து குடுத்துச்சு. நான் குடிச்சேன்.

இப்ப, தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களுக்கு ரெண்டு விஷயம். ஒருத்தன் போன் பண்ணா முதல்ல கண்ணு முன்னாடி இருக்கிறதைக் கேளுங்க, என்ன கலர், என்ன நம்பர், எத்தனை பேரு. ஆறுதல் அப்புறம் சொல்லிக்கலாம். யாராச்சும் ஷ்யூரான்னு கேட்டு, உங்களுக்குத் தெரியலைன்னா, மானம் போனாலும் தெரியலைன்னு சொல்லுங்க. என் பழைய மேனேஜர் கபுர்க் குழியிலேர்ந்து எழுந்து வந்து திட்டினாலும் பரவாயில்ல.

மூணாவது ஒண்ணு இருக்கு. அது பாடமா என்னன்னு எனக்கே தெரியல. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லாம விட்டது.

அன்னிக்குக் காலையில கான்வாய்க்கு வண்டிங்களை வரிசை போட்டு நிறுத்துனது நான்தான். நேபாளித் தம்பி புதுசு, நடுவுல விட்டா திணறுவான்னு அவனைக் கடைசியில போட்டேன். அவனுக்குப் பின்னாடி காவல் வண்டிங்க மட்டும்தான், அதுங்க உயரம் கம்மி, லாரியை மறைக்காது. பின்னாடியிருந்து வர்றவனுக்கு தூரத்துலேர்ந்தே முதல்ல கண்ணுல படுறது அந்த லாரியோட பின்கதவுதான். அதுல வெள்ளை பெயிண்ட்ல ஒரு ஆமை.

அவன் அதைப் பாத்தானா? பாத்துட்டுத்தான் ஹாரன் அடிச்சானா? வண்டி இருக்குன்னு சந்தோஷத்துல கத்துனானா, இல்ல அது வேற ஒருத்தனோட போகுதுன்னு தெரிஞ்சு, பாய் பொய் சொல்லிட்டாருன்னு கத்துனானா?

தெரியாது. எனக்குத் தெரியாது.